சூடேறும் லோரி எஞ்சின்: காரணம் அறிவது எப்படி?

வெட்டிய செம்பனைக் குலை நெடுநேரம் காத்திருக்காது. குலை மரத்தினின்று விழுந்து கனி அடிபட்டவுடனேயே, அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கத் தொடங்கிவிடுகிறது. வெட்டிய 24 மணி நேரத்திற்குள் குலைகள் ஆலையைச் சேர வேண்டும் என்று தோட்டங்களில் வற்புறுத்துவது இதன் பொருட்டே. அவ்வாறு பாரம் ஏற்றிப் புறப்பட்ட லோரி, பாதி வழியில் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டால், நட்டம் ஒருவருக்கு மட்டும் அன்று. குலை வெட்டியவர், சுமந்தவர், ஏற்றியவர், ஓட்டியவர் ஆகிய அனைவருடைய அன்றைய உழைப்பும் சாலையோரத்து வெயிலில் காய்கிறது.

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில், நிபோங் திபால் பட்டணத்தை அடுத்த கடலோரப் பகுதியில் அமைந்திருப்பது பைராம் தோட்டம். 19-ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கரும்புக்குப் பெயர் பெற்றிருந்தது. நம் முன்னோருள் பலர் ஒப்பந்தத் தொழிலாளராக வந்து இறங்கியது அக்கரும்புத் தோட்டங்களுக்கே. கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. பின்னர் ரப்பரின் இடத்தைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துக்கொண்டது. மாட்டு வண்டி சென்ற பாதையில் இன்று டீசல் லோரி செல்கிறது.

இது சமதரை நிலம், மலையேற்றம் இல்லை. ஆயினும் இத்தகைய தோட்டத்தில் ஓடும் லோரியின் வேலை எளிதன்று. காலையெல்லாம் செம்பனை வரிசைகளுக்கிடையே முதல் கியரில் ஊர்ந்து செல்லும். பிறகு முழுப் பாரத்துடன் நெடுஞ்சாலையில் விரையும். லாலான் புல்லின் பஞ்சும் காய்ந்த ஓலைத் தூளும் புழுதியும் அதன் முகத்தில் வந்து அப்பும். கடலோர வாய்க்கால்களின் நீரில் உப்பும் கலந்திருக்கும். எஞ்சின் சூடேறுவதற்கு இவை ஒவ்வொன்றும் ஒரு வாயிலாகும்.

சூடேறிய லோரி பட்டறைக்குச் சென்றவுடன் நடப்பது யாது? "தெர்மோஸ்டாட்டை மாற்று" என்பார் ஒருவர். "வாட்டர் பம்ப் போய்விட்டது" என்பார் மற்றொருவர். "எஞ்சின் தலையை இறக்கிப் பார்க்க வேண்டும்" என்று மூன்றாமவர் தீர்ப்புக் கூறுவார். ஒவ்வொரு பொருளாக மாற்றிக்கொண்டே செல்வது மருத்துவம் ஆகாது. முதலில் நோயை அறிக, அதன் காரணத்தைத் தேடுக, மருந்து பின்னரே என்பது மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கு. எஞ்சினுக்கும் அதுவே பொருந்தும். பணம் செலவாகாத சோதனைகளை முதலிலும், பணம் செலவாகும் சோதனைகளை இறுதியிலும் செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

வெப்பம் எங்கே போகிறது?

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை அது வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட்டால் அது பெரும் சாதனை. இன்றைய லோரி எஞ்சின்கள் 40 விழுக்காட்டையும் எட்டுகின்றன. ஆயினும் மீதமுள்ள பெரும் பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மற்றொரு பங்கை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிச் செல்லவேண்டும்.

அந்த நீர் செல்லும் வழியை மனத்தில் பதித்துக்கொள்வோம். வாட்டர் பம்ப் நீரைத் தள்ளுகிறது. நீர் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, எஞ்சின் தலையில் ஏறி, தெர்மோஸ்டாட் என்னும் வாயிலை அடைகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவ்வாயில் மூடியிருக்கும். நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அது திறக்கத் தொடங்கும். சூடான நீர் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்குச் சென்று, காற்றாடி இழுக்கும் காற்றில் வெப்பத்தை விட்டு, கீழ் ஹோஸ் வழியே மீண்டும் பம்புக்குத் திரும்புகிறது.

ஆகவே எஞ்சின் சூடேறுவதற்கு அடிப்படைக் காரணங்கள் நான்கே. நீர் குறைந்திருக்கவேண்டும்; அல்லது நீர் ஓடாதிருக்கவேண்டும்; அல்லது ஓடும் நீரின் வெப்பத்தைக் காற்று வாங்காதிருக்கவேண்டும்; அல்லது எஞ்சின் அளவுக்கு மீறிய வெப்பத்தை உண்டாக்கவேண்டும். இந்நான்கில் எது என்று அறிவதே நம் வேலை.

முதலில் உயிர், பிறகே எஞ்சின்

முள் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது ஓட்டுநர் செய்ய வேண்டியது சூழ்நிலையைப் பொறுத்தது. ஆவி எழவில்லை, நீர் ஒழுகவில்லை, பெல்ட்டும் அறவில்லை எனில், பாதுகாப்பான இடத்தில் லோரியை நிறுத்தி, கியரை விடுவித்து, எஞ்சினைச் சற்று நேரம் மெல்ல ஓடவிடலாம். நீரும் காற்றாடியும் ஓடிக்கொண்டிருப்பதால் வெப்பம் படிப்படியாகத் தணியும். ஆவி எழுந்தாலும், நீர் கொட்டினாலும், பெல்ட் அறுந்தாலும் எஞ்சினை உடனே நிறுத்திவிடவேண்டும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. அவ்வழுத்தத்தால் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் நீங்கி, நீர் முழுதும் ஒருசேரக் கொதித்துப் பீறிட்டு, திறந்தவரின் முகத்திலும் மார்பிலும் பாயும். மேல் ஹோஸ் கைக்குக் குளிர்ந்து தெரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகும் தடித்த துணியை மேலே போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் தடுப்புவரை மட்டும் திருகி அழுத்தத்தை வெளியேற்றியபின் மூடியை எடுக்கவேண்டும்.

எவரேனும் வெந்துவிட்டால், வெந்த இடத்தை ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் போன்றவற்றை வீக்கம் தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும். பற்பசையோ கிச்சாப்போ பூசுதல் தீது. தூய துணியால் மெல்ல மூடி மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். காயம் பெரிதாயின் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கேடு. சூடான வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி வெடிக்கக்கூடும். சிறிய பழுதாக இருந்தது அதன்பின் பெரும் பழுதாகிவிடும்.

முதல் வினா: எப்பொழுது சூடேறுகிறது?

இவ்வினாவிற்கு விடையளிக்கக் கருவி ஏதும் வேண்டியதில்லை. ஓட்டுநரின் நினைவே போதும். பட்டறைக்காரருக்குத் தெரியாத ஒன்று ஓட்டுநருக்குத் தெரியும். அதை அவரிடம் கேட்காமல் திருப்புளியைக் கையில் எடுப்பது தவறு.

காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறினால் நீர் ஓட்டம் அறவே இல்லை என்று கருதலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். நீர் மாற்றியபோது உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். பம்பின் பெல்ட் அறுந்திருக்கலாம்.

தோட்டத்திற்குள் ஊரும்போது சூடேறி, பெருஞ்சாலையில் ஓடும்போது தணிந்தால், குறை காற்றில் இருக்கிறது. வேகமாக ஓடும் லோரிக்குள் காற்று தானே புகும். ஊரும் லோரிக்குக் காற்றாடி ஒன்றே துணை. ஆகவே தளர்ந்த பெல்ட்டையும், உடைந்த காற்றாடி இதழையும், கழன்றுபோன காற்றாடிக் கூண்டையும் முதலில் பார்க்க வேண்டும். சூட்டைப் பொறுத்து வேகம் மாறும் காற்றாடியாயின், அதன் இணைப்பும் ஐயத்திற்குரியது.

தோட்டத்தில் நலமாக இருந்து, நெடுஞ்சாலையில் பாரத்துடன் விரையும்போது மட்டும் சூடேறினால், நீர் போதிய அளவு ஓடவில்லை என்று ஐயுறவேண்டும். ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம். பம்பின் சுழல் தகடு தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் மெலிந்து, பம்ப் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகலாம்.

வெற்று வண்டியில் நலமாகவும் பாரம் ஏற்றினால் மட்டும் கேடாகவும் இருப்பின், எஞ்சினுக்கு வெளியேயும் பார்க்கவேண்டும். விடாமல் உரசும் பிரேக், நழுவும் கிளட்ச், அளவுக்கு மீறிய பாரம், தவறிய நேரத்தில் பீச்சும் இஞ்செக்டர் ஆகியவையும் எஞ்சினை வாட்டும். ஓடி நின்ற லோரியின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனல் வீசினால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

கண்ணால் காண்பவை

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையே சோதனைக்கு ஏற்றது. முதலில் நீர் அளவைப் பார்க்கவேண்டும். நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் அது எங்கோ போகிறது. ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் அடி, பம்பின் கீழுள்ள சிறு துளை, கேபின் வெப்பக் குழாய் ஆகிய இடங்களில் காய்ந்த வெண்படிவு அல்லது துருக்கறை தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமல் நீர் குறைந்தால், அது எஞ்சினுக்குள் போகிறது. எஞ்சின் எண்ணெய் பாலும் தேநீரும் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் எஞ்சினை மேலும் ஓட்டுதல் கூடாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. முள் கூறுவதை முற்றிலும் நம்பிவிடக் கூடாது. நீரின் வெப்பத்தை உணரும் கருவி நீருக்குள் மூழ்கியிருந்தால்தான் மெய் கூறும். நீர் மிகவும் குறைந்து, கருவி வெற்றிடத்தில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். ஏறிய முள் திடீரெனத் தணிந்தது கண்டு மகிழ்ச்சியடையாமல், லோரியை நிறுத்திப் பார்ப்பதே அறிவுடைமை. மாறாக, நீர் நிறைந்து எல்லாம் சீராக இருக்க, முள் மட்டும் உயர்ந்தால், வேறொரு வெப்பமானியால் சரிபார்க்க வேண்டும். கருவியே பொய் சொல்லவும் கூடும்.

அடுத்து, ரேடியேட்டரின் முகம். முன்னிருந்து பார்க்கும்போது தூய்மையாகத் தெரியலாம். ஆனால் டர்போ எஞ்சின் உள்ள லோரிகளில், ரேடியேட்டருக்கு முன்னால் காற்றைக் குளிர்விக்கும் மற்றொரு பலகை உண்டு. இரண்டிற்கும் இடையிலுள்ள சந்தில்தான் லாலான் பஞ்சும் ஓலைத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடையாகப் படிகின்றன. கைவிளக்கால் அச்சந்தைப் பார்க்கவேண்டும். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, மென்மையாக நீர் பாய்ச்சவேண்டும். முன்னிருந்து வேகமாகப் பாய்ச்சினால் அழுக்கு உள்ளே ஆழப் புகும்; மெல்லிய தகடுகளும் மடிந்துவிடும். செலவில்லாத இவ்வேலையாலேயே தீரும் சூடு பல உண்டு.

இரண்டு ஹோஸ்கள் சொல்லும் செய்தி

எஞ்சின் நன்கு சூடான பின்னர், மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஒப்பிட்டுப் பார்த்தல் மிகப் பயனுள்ள சோதனை. தொடாமலே வெப்பத்தை அளக்கும் வெப்பமானி இப்போது கருவிக் கடைகளில் கிடைக்கிறது. அது இருப்பின் நன்று. கையால் தொடுவதாயின், எஞ்சினை நிறுத்தி, புறங்கையை அருகில் கொண்டுசென்று உணரவேண்டும். சுழலும் காற்றாடியின் அருகில் கையையோ, கைலியையோ, தொங்கும் துண்டையோ கொண்டுசெல்லல் ஆகாது.

எஞ்சின் கொதிக்க, மேல் ஹோஸ் குளிர்ந்திருந்தால், நீர் எஞ்சினை விட்டு வெளிவரவில்லை. தெர்மோஸ்டாட், அடைபட்ட காற்று, பம்ப் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். மேல் ஹோஸ் அனலாகவும் கீழ் ஹோஸ் மிகக் குளிர்ந்தும் இருந்தால், நீர் ரேடியேட்டருக்குள் தடைபடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால், நீர் ஓடுகிறது. ஆனால் வெப்பத்தைக் காற்று வாங்கவில்லை. அப்போது காற்றாடியையும் ரேடியேட்டரின் வெளிப்புறத்தையும் ஆராயவேண்டும்.

தெர்மோஸ்டாட்டை நேரில் சோதிப்பதும் எளிது. அதைக் கழற்றி, ஒரு பானை நீரில், அடியைத் தொடாதவாறு கம்பியில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் நீரைக் காய்ச்சவேண்டும். அதன்மேல் பொறித்துள்ள பாகைக்கு அருகில் அது திறக்கத் தொடங்கி, மேலும் 10 முதல் 15 பாகைக்குள் முழுதும் திறக்கவேண்டும். திறந்தால் அது நிரபராதி, புதியது வாங்கவேண்டியதில்லை.

"நம் நாடு வெப்ப நாடு, தெர்மோஸ்டாட்டே வேண்டாம்" என்று கழற்றி எறிபவர் உண்டு. இது தவறு. பல லோரி எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டரைச் சுற்றிச் செல்லும் குறுக்கு வழியையும் அடைத்துவிடும். அதை எடுத்துவிட்டால், நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூடு தணிவதற்கு மாறாக மிகும்.

குமிழியும் அவசரத் தீர்ப்பும்

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குலை லோரி நெடுந்தொலைவு ஓடியபின் சூடேறுகிறது. நீர் வெளித் தொட்டி வழியே பொங்கி வழிகிறது. குளிர்ந்த பின் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைக் கிளப்பினால், ரேடியேட்டர் நீரில் ஓயாமல் குமிழிகள் எழுகின்றன. பட்டறையில், "கேஸ்கட் வெடித்துவிட்டது, தலையை இறக்கவேண்டும்" என்று தீர்ப்பு வருகிறது. எரிவாயு நீருக்குள் புகுவதற்குக் குமிழி ஓர் அடையாளம் என்பது உண்மையே. ஆயினும் நீருக்குள் காற்றைத் தள்ளக்கூடிய வேறொரு பொருளும் லோரியில் உண்டு. அதுதான் காற்றுப் பிரேக்கிற்காகக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர். பல லோரிகளில் அதன் தலையும் எஞ்சினின் நீராலேயே குளிர்விக்கப்படுகிறது. அதன் சிறிய கேஸ்கட் பழுதுற்றாலும் நீரில் குமிழி எழும். நீர் பொங்கி வழியும்.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. லோரியை நிறுத்திய நிலையில், கம்ப்ரசருக்குச் செல்லும் நீர்க் குழாய்களைச் சிறிது நேரம் எஞ்சினிலிருந்து பிரித்து, துளைகளை அடைத்துச் சோதிக்க வேண்டும். இது பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. குமிழி நின்றுவிட்டால் குற்றவாளி கம்ப்ரசரே. குமிழி தொடர்ந்தால், நீருக்கு மேலுள்ள காற்றைச் சோதனைத் திரவத்தின் ஊடே செலுத்திப் பார்க்கவேண்டும். எரிவாயு கலந்திருப்பின் அத்திரவத்தின் நிறம் மாறும். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் புதிய எஞ்சின்களில், அக்குளிர்விப்பானின் கசிவையும் ஆராயவேண்டும். இவ்வளவும் செய்தபின் தலையை இறக்குவதில் தவறில்லை. செய்யாமல் இறக்கினால், பல நாள் வேலையும் பெரும் பணமும் செலவான பின்னும் குமிழி அப்படியே இருக்கக்கூடும்.

வாய்க்கால் நீர் வேண்டாம்

ரேடியேட்டர் உள்ளே அடைப்பதற்கும் பம்ப் அரிக்கப்படுவதற்கும் பெரும்பாலும் நாம் ஊற்றும் நீரே காரணம். கடலோர வாய்க்காலின் நீரில் உப்பும் சேறும் உண்டு. உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். நீரிலுள்ள சுண்ணமோ சிலிண்டரின் மேல் படியும். அப்படிவு இரும்பைவிடப் பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் ஆதலால், எஞ்சினுக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும்.

நம் நாட்டில் நீர் உறைவதில்லை. ஆயினும் கூலண்ட் வேண்டும். துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. எஞ்சின் செய்தவர் கூறிய வகையையே, கூறிய அளவில் தூய நீருடன் கலந்து ஊற்றவேண்டும். ஒரே நிறம் என்பதால் இரண்டு வகைகளைக் கலக்கக் கூடாது. நிறம் வேறு, தரம் வேறு. கூலண்ட்டில் பெரும்பாலும் உள்ள கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தலும், வீட்டருகே சாக்கடையில் கொட்டுதலும் கூடாது. குழந்தைகளும் நாய்களும் அதைச் சுவைத்து இறக்க நேரிடும்.

ஒவ்வொரு லோரியிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எத்தனை லிட்டர் நீர் ஊற்றப்பட்டது, எந்நாள், எங்கே சூடேறியது, அப்போது பாரம் இருந்ததா என்னும் நான்கையும் ஓட்டுநர் எழுதிவரட்டும். எஞ்சின் பழுதானால் பழி முதலில் ஓட்டுநர்மீதே விழுகிறது. எழுதி வைத்த நான்கு வரி அவருக்குக் காப்பாகும், மெக்கானிக்குக்கு வழிகாட்டியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பாரமின்றி நெடுஞ்சாலையில் நலமாக ஓடும் லோரி, தோட்டத்துக்குள் ஊரும்போது மட்டும் சூடேறுகிறது. இரண்டு ஹோஸ்களும் ஒரே சூட்டில் உள்ளன. முதலில் எதைப் பார்ப்பீர்?

2. ஏறியிருந்த முள் திடீரெனக் கீழே இறங்குகிறது. கேபினுக்குள் எரிந்த மணம் வருகிறது. ஓட்டத்தைத் தொடரலாமா?

3. நீரில் குமிழி எழுகிறது. எஞ்சின் தலையை இறக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் யாவை?

விடைகள்: 1. காற்றாடி, அதன் பெல்ட், கூண்டு, ரேடியேட்டருக்கு இடையிலுள்ள சந்து. 2. கூடாது; நீர் வற்றியிருக்கக்கூடும், உடனே நிறுத்தவேண்டும். 3. கம்ப்ரசரைப் பிரித்துச் சோதித்தல். பின்னர் எரிவாயுச் சோதனைத் திரவம். புதிய எஞ்சினாயின் புகைக் குளிர்விப்பானின் கசிவு.

மூன்றிற்கும் சரியான விடை கூறியவர், அடுத்த முறை லோரி சூடேறும்போது, பொருள் வாங்கக் கடைக்கு ஓடுமுன் ஓட்டுநரிடம் "எப்பொழுது சூடேறுகிறது?" என்று கேட்பார். அவ்வொரு வினாவைக் கேட்கும் பழக்கம் நம் தோட்டப் பட்டறைகளில் வேரூன்றுமாயின், இப்பாடத்தின் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.